கும்பினியார் எடுத்த இருப்புக் கணக்கு

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் கோயமுத்தூர்ச் சீமை கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. கடையை வாங்கியவர் முதலில் சரக்கை எண்ணுவது வழக்கம். கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியும் 1800-ல் பிரான்சிஸ் புக்கானன் என்ற வைத்தியரை அனுப்பினார். அவர் சென்னையில் புறப்பட்டு மைசூர், கோயமுத்தூர், மலபார் என்று சுற்றினார். என்ன விளைகிறது, என்ன நெய்கிறார்கள், வரி எவ்வளவு என்று ஊர் ஊராக விசாரித்து அன்றன்றே எழுதினார். 1807-ல் லண்டனில் மூன்று தொகுதிகளாக அச்சாயிற்று.

அன்றன்று எழுதிய கணக்குக்கு மதிப்பு அதிகம். நம் குறிப்பேடும் அப்படித்தான். ஆனால் கேட்டவர் யார்? வரி அதிகாரி வந்து இருப்பைக் கேட்டால் என்ன பதில் வரும் என்பது அங்கத்தினர்கள் அறியாததல்ல! அன்றைய குடியானவரும் நெசவாளியும் மட்டும் முழுசாகச் சொல்லியிருப்பார்களா? அதிலும் காங்கேயம் அருகே மேலப்பாளையத்தில் பிறந்த தீரன் சின்னமலை கும்பினியை எதிர்த்து நின்ற காலம் அது. 1805-ல் அவரைச் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள்.

ஆகவே புக்கானன் சொல்லும் பயிரையும் துணியையும் பெரும்பாலும் நம்பலாம். வருமானம் என்று வரும் இடத்தில் வேறு ஏடுகளோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அந்த ஏடுகள் நம் பரண்களிலேயே கிடக்கலாம். பாட்டனார் காலத்துப் பேரேடு, கிரயப் பத்திரம் எதையும் எடைக்குப் போடும் முன் யார் எழுதியது, எந்த ஆண்டு என்று பார்த்து எடுத்து வையுங்கள்.