பூவை மட்டும் போட்டோ எடுத்தால் போதாது... இலையையும் எடுங்க! ஏன் தெரியுமா?

வீட்டு வாசலில் ரோஸ் கலரில் ஐந்து இதழ் பூ. மொபைலில் ஒரு க்ளோஸ்-அப். ஆப் ஒரு பெயர் சொல்கிறது. அது அப்படியே ஸ்டேட்டஸிலும் ஏறிவிடுகிறது. ஆனால், அது நித்தியகல்யாணியா, அரளியா?

இரண்டிலும் ரோஸ் நிறம் உண்டு. இரண்டுக்கும் ஐந்து இதழ்தான். அரளியின் எல்லாப் பாகங்களும் விஷம். இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. இந்த அச்சத்தால்தான் 2024 மே மாதம் கேரளாவின் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, தன் கோயில்களின் நைவேத்தியம், பிரசாதத்தில் அரளிப்பூ வேண்டாம் என முடிவெடுத்தது.

நிறம் ஏமாற்றும்

காகிதப்பூவில் நாம் ரசிக்கும் கலர், பூவே இல்லை! அது நிறம் மாறிய இலை. நடுவில் இருக்கும் குட்டி வெள்ளைக் குழல்தான் நிஜப் பூ. உண்ணிச்செடியில் ஒரே கொத்தில் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் ரோஸும் இருக்கும். பூவுக்கு வயதாக ஆக நிறம் மாறுவதே காரணம்.

அப்போ எதைப் பார்க்கணும்?

இலையை. நித்தியகல்யாணி முழங்கால் உயரச் செடி. இலைகள் எதிரெதிராக, இரண்டிரண்டாக இருக்கும். அரளி ஆளுயரத்தையும் தாண்டும். ஈட்டி போன்ற நீள இலைகள், பெரும்பாலும் ஒரே கணுவில் மூன்று.

எனவே நாலு படம் எடுங்க:

1. பூ, நேர் எதிரே
2. பூவின் பக்கவாட்டு, அடிப்பகுதி
3. இலைகள் தண்டில் சேரும் இடம்
4. முழுச் செடி

கலர் கெடாமல் எடுப்பது எப்படி?

உச்சி வெயில் வேண்டாம். காலை வெயில் அல்லது மேகமூட்டம் பெஸ்ட். செம்பருத்தி மாதிரி அடர் சிவப்புப் பூக்கள் போனில் இதழ் வரி தெரியாமல் ஒரே திட்டாக விழும். பூவைத் தொட்டு ஃபோகஸ் செய்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் வரிகள் தெரியும். ரொம்ப கிட்டே போனால் படம் மங்கும். சற்றுத் தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் செய்யுங்க. போர்ட்ரெய்ட் மோடு இதழின் ஓரத்தையே அழித்துவிடலாம் என்பதால் அடையாளம் காண அது உதவாது.

ஆப் சொன்னால் நம்பலாமா?

பிளான்ட்நெட் ஆப்பில் பூ, இலை, காய் எனப் பல படங்களை ஒன்றாகக் கொடுக்கலாம். ஐநேச்சுரலிஸ்ட்டில் மற்ற பயனர்களும் படத்தைப் பார்த்துப் பெயரைச் சரிபார்ப்பார்கள். ஒரே படத்தைத் தேடுவதைவிட இது நம்பகமானது.

ஆனாலும், ஆப் தருவது ஒரு யூகம்தான். சங்குப்பூ டீ டிரெண்டைப் பார்த்து, ஆப் சொன்ன பெயரை நம்பி வேறொரு பூவை வாயில் வைக்க வேண்டாம். நம் மாநில மலரான செங்காந்தளே விஷச்செடிதான். புற்றுநோய் மருந்துகளான வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் கிடைக்கும் நித்தியகல்யாணியும் சும்மா மெல்லக்கூடியது அல்ல.

குழந்தைகள் தெரியாமல் எதையாவது மென்றுவிட்டால், ஆப்பைத் திறந்து நேரத்தைக் கடத்தாதீங்க. உடனே மருத்துவமனைக்குப் போங்க. அந்தச் செடியின் இலையோடு சேர்ந்த ஒரு போட்டோவையும் கையில் எடுத்துட்டுப் போங்க!