வயலில் கற்ற வீச்சும் சாஃப்ட்பால் மட்டையும்

காவிரியின் கடைமடையில் அமைந்த சீர்காழி வட்டாரத்தில் சாஃப்ட்பால் மட்டையை முதன்முதலாகக் கையில் எடுக்கும் சிறுவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே சில ஆண்டுகள் கிரிக்கெட் ஆடியவர்களாக இருப்பதால், அவர்களுடைய வீச்சில் உடற்கல்வி ஆசிரியர் காணும் குறைகளில் பல, வேறோர் ஆட்டத்துக்காகச் சரியாகவே கற்று இந்த ஆட்டத்துக்குப் பொருந்தாமல் போனவையாகும். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து, உளுந்தோ பயறோ தெளிக்காமல் விட்ட வயல்களில் நடக்கும் ஆட்டத்தில், பந்து தாளில் பட்டு எழும்பாமல் தாழ்ந்தே வரும் என்பதால், மட்டையின் முனையைத் தரையருகே வைத்துக் காத்திருந்து, பந்து குத்திய பிறகு அதன் போக்கைப் பார்த்து அடிப்பதே அங்கே அறிவுடைய செயல். சாஃப்ட்பாலிலோ பந்து தரையைத் தொடாமலே வந்து சேர்கிறது; காத்திருந்து பார்க்க இடமில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் பிள்ளையின் கையையும் முழங்கையையும் மட்டும் திருத்த முற்படும் பயிற்சி பெரும்பாலும் பயனற்றுப் போகிறது.

1887-இல் சிகாகோவில் ஜார்ஜ் ஹான்காக் என்பவர் பேஸ்பாலை உள்ளரங்கில் ஆடும் வகையில் மாற்றி அமைத்ததிலிருந்து வளர்ந்த ஆட்டம் இது. பெயரில் மென்மை இருந்தாலும், ஏறத்தாழ 30 செ.மீ. சுற்றளவும் 178 முதல் 198 கிராம் வரை எடையும் உள்ள பந்து கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது, கனமானது. பந்தை எறிபவராகிய பிட்சர் கையைச் சுழற்றிக் கீழ்வழியாக இடுப்பருகிலிருந்து விடுவிக்கிறார். மகளிர் ஆட்டத்தில் அவர் நிற்கும் தூரம் 43 அடி, அதாவது 13.1 மீட்டர். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வரும் பந்து கையை விட்டு மட்டையை அடைய ஏறத்தாழ அரை நொடியே ஆகும். அதில் வீச்சுக்கே 0.15 முதல் 0.2 நொடி செலவாவதால், அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்ய எஞ்சுவது மிகச் சிறிய கணமே. மேலும், கிரிக்கெட்டில் எத்திசையிலும் ஓட்டம் எடுக்கலாம் என்றிருக்க, சாஃப்ட்பாலில் 90 பாகைக் கோணத்துக்குள் விழும் பந்தே செல்லுபடியாகும். பின்னால் தட்டிவிட்டு ஓட்டம் சேர்க்கும் திறமைக்கு இங்கே மதிப்பில்லை. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோருக்கு நடத்தும் போட்டிகளில் சாஃப்ட்பால் இடம்பெறுவதும், 1996 முதல் 2008 வரையும் பிறகு டோக்கியோவிலும் ஒலிம்பிக்கில் ஆடப்பட்டு, 2028-இல் லாஸ் ஏஞ்சலஸில் மீண்டும் வரவிருப்பதும், சிற்றூர்ப் பள்ளிகளில் இந்த ஆட்டத்தைக் கருத்தோடு கற்பிப்பதற்குப் போதிய காரணங்களாகும்.

நல்ல வீச்சின் விசை கைகளில் தொடங்குவதில்லை. முன்கால் சிறிது எடுத்து ஊன்றியதும் இடுப்பு திரும்ப, அதைத் தொடர்ந்து மார்பும் தோளும் திரும்ப, கடைசியில் கைகளும் மட்டையும் அந்தச் சுழற்சியின் வேகத்தைப் பெற்று முன்னே வருகின்றன. இயக்கவியலார் இதை விசைத்தொடர் என்பார்கள். தொடரில் ஒரு கண்ணி தவறினால் அடுத்த கண்ணி அதை ஈடுகட்ட முயல்வதால், காலில் நிகழும் பிழை மணிக்கட்டில் வெளிப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்றாகவும் காரணம் வேறாகவும் இருப்பதே இத்துறையின் முதன்மையான சிக்கல்.

ஆகவே பிழையைக் கண்டறிவதற்குப் பந்தின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பார்ப்பதைவிட நம்பத்தகுந்த வழி இல்லை. முதலில், 'டீ' எனப்படும் தாங்கியின் மேல் அசையாமல் இருக்கும் பந்தை அடிக்கச் செய்ய வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை, பழைய பெயிண்ட் வாளியில் சிமெண்டுக் கலவையிட்டு நட்ட பிவிசி குழாயும் அதன் முனையில் செருகிய ரப்பர்க் குழாய்த் துண்டும் போதும். அடுத்து, பக்கவாட்டிலிருந்து மெல்லத் தூக்கிப்போடும் பந்து. பிறகு, முன்னாலிருந்து குறைந்த தூரத்தில் எறியும் பந்து. கடைசியாக, பிட்சரின் முழு வேகப் பந்து. அசையாத பந்திலேயே குறை தெரிந்தால் அது உடலியக்கத்தின் குறை. அங்கே சரியாக அடித்துவிட்டு, முன்னாலிருந்து வரும் பந்தில் மட்டும் தடுமாறினால் நேரக்கணிப்பின் குறை. பிட்சர் எதிரே நிற்கும்போது மட்டும் தோன்றினால் பெரும்பாலும் அச்சம். மூன்றுக்கும் மருந்து வெவ்வேறாதலின், இந்தப் பாகுபாட்டைச் செய்யாமல் தொடங்கும் திருத்தம் இருட்டில் தேடுவதாகவே முடியும். கைப்பேசிப் படப்பதிவும் உதவும். ஆனால் நொடிக்கு 30 சட்டகம் பதியும் சாதாரணக் காணொளியில் முழு வீச்சும் ஐந்தாறு சட்டகங்களுக்குள் முடிந்துவிடும் என்பதால், மெதுவோட்டப் பதிவையே பயன்படுத்த வேண்டும்.

கிரிக்கெட்டிலிருந்து வரும் பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது, வீச்சு தொடங்கிய உடனேயே கைகளை நீட்டிவிடும் பழக்கம். விலகிச் செல்லும் பந்தைத் துரத்தி அடித்துப் பழகிய கைகள், மட்டையின் தலையை உடலிலிருந்து தூரத் தள்ளி, பெரிய வட்டமாகச் சுற்றிக் கொண்டுவருகின்றன. நீண்ட தடியை ஒரு முனையில் பிடித்துச் சுழற்றுவது நடுவில் பிடித்துச் சுழற்றுவதைவிடக் கடினம் என்பதற்கு என்ன காரணமோ அதே காரணத்தால், உடலை விட்டு விலகிய மட்டை மெதுவாகவே திரும்புகிறது. உடலருகே வரும் பந்து மட்டையின் கைப்பிடியில் பட்டு வலுவின்றி விழுகிறது. இதைக் காண எளிய சோதனை உண்டு: கொடியில் தொங்கவிட்ட பழைய போர்வையை நோக்கிப் பிள்ளையை நிறுத்தி, மட்டையின் அடியைத் தொப்புளில் வைத்தால் முனை போர்வையைத் தொடும் தூரத்தில் நின்று வீசச் சொல்லலாம். கைகள் உடலையொட்டி வந்து, பந்தை அடிக்கும் இடத்தைக் கடந்த பிறகே நீண்டால் போர்வை அசையாது. சோதனையே பயிற்சியுமாக அமைவதால், நாளுக்கு இருபது முப்பது வீச்சு செய்தாலே மாற்றம் தெரியத் தொடங்கும்.

கிரிக்கெட் ஆடாமலே நேரடியாகச் சாஃப்ட்பாலுக்கு வரும் பிள்ளைகளிடம், குறிப்பாக மட்டையே பிடித்திராத சிறுமிகளிடம், வேறு இரு குறைகள் தென்படுகின்றன: இடுப்பைத் திருப்பாமல் கைகளால் மட்டுமே அடிப்பதும், முன்காலைப் பிட்சரை நோக்கி வைக்காமல் விலக்கி வைப்பதும். விலகும் கால் அச்சத்தின் அடையாளம். கனமான பந்து உடலை நோக்கி வருவதாகத் தோன்றும்போது காலை அகற்றிக்கொள்வது இயல்பான தற்காப்பு. "பயப்படாதே" என்று அதட்டுவதால் அச்சம் போவதில்லை. தலைக்கவசம் அணிவித்து, டென்னிஸ் பந்தை வேண்டுமென்றே உடலருகே மெல்ல எறிந்து, முதுகைத் திருப்பித் தோளில் வாங்கிக்கொள்ளும் முறையைக் கற்பித்தபின், கால் தானாகவே நேராக விழக் காணலாம். அச்சமுள்ள பிள்ளையிடம் காலடியில் செங்கல்லை வைத்துக் காலைக் கட்டுப்படுத்துவது, காரணத்தை விட்டுவிட்டு அறிகுறியை அடக்குவதாகும்.

பின்தோளைத் தாழ்த்தி மட்டையை மேல்நோக்கி வீசும் பழக்கம் சிக்ஸர் ஆசையால் வருவது. பந்து நேர் மேலே எழும்பிப் பிடிபடும். தாங்கியை மார்பு உயரத்துக்கு ஏற்றிவைத்து அடிக்கச் செய்தால் இது பெரும்பாலும் குறையும்.

குறை பிள்ளையினுடையது என்று முடிவுகட்டும் முன் மட்டையைப் பார்க்க வேண்டும் என்பதைப் பல பள்ளிகள் மறந்துவிடுகின்றன. அணிக்கு ஒன்றிரண்டு மட்டைகளே இருந்து, அவையும் பெரியவர்களின் நீளத்தில் இருந்தால், பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைத் தாங்கவே தோளைத் தாழ்த்தி, கைகளை நீட்டி, உடலை முன்னே தள்ள வேண்டியிருக்கும். மூன்று குறைகளுக்கும் ஒரே காரணம். மட்டையை ஒரு கையால் பக்கவாட்டில் நீட்டி இருபது நொடி நடுங்காமல் பிடிக்க முடியாவிட்டால் அது கனம் மிகுந்தது. வேறு மட்டை இல்லாத இடத்தில், கைப்பிடியில் நான்கைந்து செ.மீ. மேலேறிப் பிடிக்கச் செய்வது உடனடி நிவாரணம்.

எல்லா வேறுபாடும் பிழையன்று என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1920-களில் மாஸ்கோவின் மத்திய உழைப்பு நிறுவனத்தில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற உடலியலார், சுத்தியலால் உளியை அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களின் அசைவுகளைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது, சுத்தியல் ஒவ்வொரு முறையும் இலக்கில் விழுந்தாலும் கை சென்ற வழி ஒவ்வொரு முறையும் சற்றே மாறுபட்டதைக் கண்டார். தேர்ச்சி என்பது ஒரே அசைவை நகலெடுப்பதில் இல்லை. எனவே நிற்கும் தோரணையிலும் மட்டையை உயர்த்திப் பிடிக்கும் விதத்திலும் பிள்ளைகளுக்குள் காணப்படும் வேறுபாடுகளை, பந்து நன்றாகப் பட்டால், தொடாமல் விடுவதே முறை. பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குள் கைகால்கள் விரைந்து நீளும் மாதங்களில் நன்றாக அடித்த பிள்ளையும் திடீரெனத் தடுமாறும். அப்போது தேவைப்படுவது திருத்தமன்று, பொறுமையே. திருத்தச் சொல்லும் சொல்லுக்கும் விளைவு உண்டு. உடலுறுப்பின் மீது கவனத்தைச் செலுத்துபவரைவிடச் செயலின் விளைவின் மீது செலுத்துபவர் நன்றாகக் கற்கிறார் என்று காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1990-களின் இறுதியிலிருந்து செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. முழங்கையை மடக்கு என்பதைவிட, பந்தைப் பிட்சரின் தலைக்கு மேலாகத் திருப்பி அனுப்பு என்பது பிள்ளைக்கு எளிதில் எட்டும்.

திருத்தத்துக்கு ஏற்ற காலத்தை இவ்வட்டாரத்தில் பருவமே வகுத்துத் தருகிறது. 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டிய ஊர் சீர்காழி. வடகிழக்குப் பருவமழையில் பள்ளித் திடல்கள் வாரக்கணக்கில் நீரில் நிற்கும். போட்டி நெருக்கடி இல்லாத அந்த வாரங்களில் தாழ்வாரத்தில் தாங்கியையும் போர்வையையும் வைத்து, பிள்ளை ஒன்றுக்கு ஒரே ஒரு குறையைத் தேர்ந்து பழக்கலாம். தையில் திடல் காய்ந்து பிட்சரின் முழு வேகம் திரும்பும்போது, களைந்துவிட்டதாக நினைத்த பழைய வீச்சு மீண்டும் தலைகாட்டும். அதைத் தோல்வியாகக் கொண்டு புதிய திருத்தம் ஒன்றைத் தேடாமல், எறியும் வேகத்தை ஒரு படி குறைத்து, சரியான வீச்சு நிலைத்தபின் மறுபடி கூட்ட வேண்டும்.