எந்தக் கட்டத்தில் டிக்?

2010-ல் 'ஐ-ப்ரெக்ஸ்' ஆய்வின் முடிவு வெளியானபோது எச்.ஐ.வி. தடுப்பில் இருந்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. தினம் ஒரு மாத்திரை. தொற்று 44 சதவிகிதம் குறைகிறது. பெரு, பிரேசில், தாய்லாந்து உட்பட ஆறு நாடுகளில் 2,499 பேரிடம் நடந்த ஆய்வு. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களும் திருநங்கைகளும் அதில் ஒரே கணக்கில் இருந்தார்கள்.

திருநங்கைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்த அலசல் வெளிவர 2015 ஆகிவிட்டது. மொத்தம் 339 பேர். மருந்து தரப்பட்டவர்களில் 11 பேருக்குத் தொற்று; வெற்று மாத்திரை தரப்பட்டவர்களில் 10 பேருக்கு. ஆகமொத்தம் பலன் ஒன்றும் தெரியவில்லை! மருந்தின் மேல் பழி போடவும் முடியாது. அந்த 11 பேரில் ஒருவருக்குக்கூட, தொற்று தெரியவந்த சமயத்தில் ரத்தத்தில் மருந்து இல்லை; மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளவில்லை. தாங்கள் எடுக்கும் ஹார்மோனோடு மாத்திரை ஒத்துப்போகுமா என்ற பயம் திருநங்கைகளிடம் பரவலாக உண்டு. தனியாகக் கேட்டிருந்தால் முதல் வருடமே அதைப் பேசியிருக்கலாம்.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான், 1986-ல். இன்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நேக்கோ திருநங்கைகளைத் தனி வரிசையில் எண்ணுகிறது. அதைப் பாராட்டியே ஆகவேண்டும். 2021 கண்காணிப்புக் கணக்கெடுப்பில் திருநங்கைகளிடம் எச்.ஐ.வி. தொற்று 3.78 சதவிகிதம், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடம் 3.26. நாட்டில் வயதுவந்தோரிடையே அது 0.21 என்றுதான் மதிப்பிடப்பட்டது.

ஆனால் அந்த ரத்த மாதிரிகள் யாருடையவை? பெரும்பாலும் டி.ஐ. எனப்படும் தடுப்புத் திட்டங்களில் ஏற்கெனவே பேர் கொடுத்தவர்களுடையவை. பூங்காவுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் வருகிறவரைக் களப்பணியாளருக்குத் தெரியும். கைபேசிச் செயலியில் ஆள் தேடிக்கொண்டு, ராத்திரி மனைவி பிள்ளைகளிடம் திரும்பிவிடுகிறவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர் என்றாவது அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் எனப்படும் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்துக்கு வந்தாலும், ஆலோசகர் கேள்வி கேட்கும்போது கதவு பாதி திறந்திருக்கும். வெளியே பெஞ்சில் ஆட்கள். "பெண்களோடுதான் சார்" என்பார். படிவத்தில் அந்தக் கட்டத்திலேயே டிக் விழும். தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் போட்ட எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாதிக் கதவுதான் நினைவுக்கு வரும்.

அவர் பொய் சொல்வதில் ஆச்சரியமும் இல்லை. ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-வது பிரிவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சுருக்கும்வரை, உண்மையைச் சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம். சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, விவரத்தை வெளியே விடக் கூடாது என்கிற எச்.ஐ.வி. சட்டமும் அதே மாதம்தான் அமலுக்கு வந்தது. சட்டம் மாறிவிட்டது, கதவு இன்னும் பாதி திறந்தே இருக்கிறது.

பிறப்பில் பெண் என்று பதிவாகி ஆணாக வாழும் திருநம்பிகளின் நிலை இன்னும் மோசம். 'டெஸ்கோவி' என்ற தடுப்பு மாத்திரைக்கு 2019-ல் அமெரிக்கா அனுமதி தந்தபோது, பெண்ணுறுப்பு வழியாக உறவை ஏற்பவர்களை விலக்கியே தந்தது. காரணம், 5,387 பேரிடம் நடந்த ஆய்வில் அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவே இல்லை. பெண்களோடு சேர்த்துத் திருநம்பிகளும் வெளியே நின்றார்கள். நேக்கோவின் கண்காணிப்பிலும் அவர்களுக்கென்று ஒரு வரிசை கிடையாது. பிறந்தபோது என்ன பாலினமாகப் பதிவானது, இப்போது தன்னை யாராகச் சொல்கிறார் என்று அடுத்தடுத்து இரண்டு கேள்வி கேட்டால் போதும். திருநங்கையும் திருநம்பியும் கணக்கில் தனித்தனியே வந்துவிடுவார்கள். படிவத்தில் ஒரே ஒரு வரி கூடும். அதைக் கேட்கும் நாற்காலியில் அந்தச் சமூகத்திலிருந்தே ஒருவரை, மாதச் சம்பளத்துக்கு, உட்காரவைக்க வேண்டும்.