உங்களுக்குத் தெரியுமா? வீட்டுப் பூனைக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கும் வில்லன்கள்

★ பால் கிண்ணத்தைக் கண்டால் பூனை பாய்ந்து வரும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சேராது என்பது வேறு விஷயம். பால்குடி மறந்ததும் பாலைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. கிண்ணம் காலியாகும், பிறகு வயிற்றால் போகும். தண்ணீர் வைத்தால் போதும்.

★ பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதை உணரவைக்கும் மரபணு பூனை இனத்தில் செயலற்றுக் கிடப்பதை 2005இல் கண்டறிந்தார்கள். உங்கள் பூனை லட்டை நக்கினால், அது நெய்க்காகத்தான்!

★ தயிர்சாதத்திலேயே வளரும் பூனைகளை நம் தெருக்களில் பார்க்கலாம். அவை எலி, பல்லி பிடித்துச் சமாளித்துக்கொள்ளும். கதவுக்குள் வளரும் பூனைக்கு அந்த வழி கிடையாது. அதற்கு டாரின் என்ற சத்து கட்டாயம் வேண்டும்; அது இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. குறைந்தால் கண்பார்வை மங்கும், இதயத் தசை தளரும். இதயத்துக்கு நேரும் இந்தக் கேட்டை அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பால் பியன் குழுவினர் 1987இல் வெளிப்படுத்தினார்கள். டாரின் கொடுத்ததும் தளர்ந்த இதயங்கள் தேறின! பூனை உணவு தயாரிப்பவர்கள் அதன் அளவைக் கூட்டியது அதன் பிறகுதான். நாய்க்கான தீனியைப் பூனைக்கும் போட்டுவிடும் சிக்கனம் வேண்டாம்.

★ காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால், ஒரே மாத்திரையில் பூனையின் உயிரை எடுத்துவிடும். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் பழுப்பேறி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். குழந்தைக்குக் கொடுக்கிற அளவுதானே என்று ‘சிரப்’ ஊற்றுவதும் கூடாது.

★ அதே கல்லீரல்தான் ஃபீனைலிடமும் தோற்கிறது. அதைப் போட்டுத் துடைத்த தரையில் நடந்துவிட்டு, பூனை உட்கார்ந்து பாதத்தை நக்கும். தரை நன்றாகக் காயும்வரை வேறு அறையில் விடுங்கள். பீரோவில் போடும் பாச்சா உருண்டையும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

★ நாய் உண்ணிக்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனைக்கு விஷம். வலிப்பு வரும்.

★ பிறந்தநாள் பூங்கொத்தில் லில்லி இருக்கிறதா? இதழைக் கடித்தாலும், மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழக்கலாம். மல்லிகையும் சம்பங்கியும் அப்படியல்ல. ஆனால் பூவைக் கட்டிய நூல் இருக்கிறதே, அதுதான் ஆபத்து! பூனை நாக்கின் முட்கள் தொண்டைப் பக்கம் சாய்ந்தவை. சிக்கிய நூலைத் துப்ப முடியாமல் விழுங்கிவிடும். பின்பக்கம் நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள், குடல் அறுபடும். மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

★ பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைக்கும் என்பார்கள். நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஓர் ஆய்வு வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 90 சதவீதம் பிழைத்தன. விழுந்த இடத்திலேயே செத்த பூனைகளை யார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போவார்கள்? அவை அந்தக் கணக்கில் இல்லை. பால்கனிக்குக் கம்பிவலை அடிப்பதே புத்திசாலித்தனம். புறாவுக்குக் கட்டும் நைலான் வலையைப் பூனை கடித்தே பிய்த்துவிடும்.

★ கடுவன் பூனை மணல் தட்டில் போய்ப்போய் உட்கார்ந்து, சொட்டு மூத்திரம்கூட வராமல் முனகினால் மலச்சிக்கல் என்று விட்டுவிடாதீர்கள். மூத்திரக்குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

★ மருமகள் உண்டானதும் பூனையை வெளியே துரத்தும் வீடுகள் உண்டு. டாக்சோபிளாஸ்மா கிருமி பற்றிய பயம். பூனையின் மலத்தோடு வரும் அந்தக் கிருமி முட்டைகள் தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். எனவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்து, பூனைக்குப் பச்சை இறைச்சி போடாமல் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. கர்ப்பிணி தட்டைத் தொட வேண்டாம். அந்த வேலைக்குக் கணவர் இருக்கிறார்.