கிருமியின் வம்சாவளி

எல்லைப்புறத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு வைத்தியம் என்பது ஒரே ஊரில் முடிகிற காரியம் அன்று. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தார் வியாதி முற்றினால் வாளையாறு கடந்து கோயமுத்தூருக்குச் செல்கின்றனர். பீர்மேட்டுத் தோட்டத்தார் குமுளி வழியாகவும், தேவிகுளம் தாலுகாவினர் போடிமெட்டு வழியாகவும் தேனிக்கு இறங்குகின்றனர். வேறு சிலர் கோட்டயத்துக்கோ திருச்சூருக்கோ அனுப்பப்படுகின்றனர். உறவினர் இருக்கும் ஊர், பேச்சுப் புரிகிற டாக்டர், செலவு குறைந்த இடம் என்று பார்த்துப் போவது நியாயமே. ஆனால் நோயாளியுடன், கண்ணுக்குத் தெரியாத பிரயாணி ஒன்றும் எல்லை கடக்கக்கூடும். மருந்துக்கு அடங்காத ஆஸ்பத்திரிக் கிருமியே அது. அக்கிருமி எங்கிருந்து வந்தது, எந்த வம்சத்தைச் சேர்ந்தது என்பதை இன்று விஞ்ஞானிகள் கண்டறிகின்றனர். அந்த முறையை ஓரளவேனும் அறிந்துகொள்வது நமக்கு நன்மை தரும்.

1928-இல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தார். 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே, மருந்தைக் குறைந்த அளவில் உட்கொண்டால் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகிக்கொள்ளும் என்று அவர் எச்சரித்தார். அவ்வாறே நடந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் புது மருந்துகள் வந்தன. ஒவ்வொன்றையும் வெல்லும் வழியைக் கிருமிகளும் கண்டுகொண்டன. பல மருந்துகளுக்கும் மசியாத கிருமிகளைக் கொல்ல, கார்பாபெனெம் என்னும் மருந்து வகையை டாக்டர்கள் பெரிதும் நம்பியிருந்தனர். மெரோபெனெம் என்ற ஊசிமருந்து இவ்வகையைச் சேர்ந்தது.

2008-ஆம் ஆண்டு, புதுடில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியின் சிறுநீரில், கார்பாபெனெமையும் சிதைக்கும் ஒரு கிருமி காணப்பட்டது. அச்செயலைப் புரியும் மரபணுவுக்கு, ஊரின் பெயரைச் சேர்த்து ‘என்.டி.எம்.-1’ என்று பெயரிட்டனர். தலைநகரின் பெயரை ஒரு கிருமிக்கு இட்டது தகாது என்று நம் நாட்டில் பலத்த கண்டனம் எழுந்தது. கண்டனம் ஒருபுறம் இருக்க, அறிய வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கிருமி எவ்வாறு பரவுகிறது?

இதற்கு விடை தேடியவர்களுள் முன்னின்றவர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமி. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிமோதி வால்ஷ் முதலியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2010-இல் வெளிவந்தது. என்.டி.எம்.-1 உடைய கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என அதில் கணக்கிடப்பட்டுள்ளன. ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியமானது, அவர்கள் அக்கிருமிகளின் வம்சத்தை ஒப்பிட்டுப் பார்த்ததே.

ஒப்பிடும் முறை இதுதான். கிருமியின் உடலிலிருந்து டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளைப் பிரித்தெடுத்து, குறித்த இடங்களில் மட்டும் வெட்டும் ஒரு நொதியால் அதைத் துண்டாக்குவர். துண்டுகளைக் கூழ் போன்ற ஒரு பலகையில் வைத்து, திசை மாறி மாறி மின்சாரம் பாய்ச்சுவர். சிறிய துண்டு விரைந்து ஓடும். பெரிய துண்டு பின்தங்கும். முடிவில் பலகையில் வரிவரியாகக் கோடுகள் தோன்றும். இரண்டு நோயாளிகளின் கிருமிகள் ஒரே விதமான கோடுகளைக் காட்டினால் அவை நெருங்கிய உறவுடையவை. கோடுகள் வெகுவாக வேறுபட்டால் உறவில்லாதவை. கைரேகையை ஒப்பிடுவது போன்றது இது.

வேறொரு முறையும் உண்டு. நிமோனியா உண்டாக்கும் கிளெப்சியெல்லா என்ற கிருமியில் ஏழு மரபணுக்களை மட்டும் தேர்ந்து, அவற்றின் எழுத்து வரிசையைப் படித்து, அதற்கேற்ப வம்சத்துக்கு ஓர் எண் கொடுப்பர். இந்திய ஆஸ்பத்திரிகளில் 14, 231 என்னும் எண்களுடைய வம்சங்கள் பலமுறை காணப்பட்டுள்ளன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் இவற்றைப் பற்றி விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

குமாரசாமி குழுவினர் கண்டது என்ன? ஹரியானாக் கிருமிகள் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. சென்னையிலும் பிரிட்டனிலும் கிடைத்தவையோ பல்வேறு வம்சத்தவை. இவ்வேற்றுமையின் பொருளை, ரயில்வேயில் பணிபுரியும் நாம் நம் தொழிலைக் கொண்டே விளக்கலாம். ஒரே வண்டி பல ஸ்டேஷன்களில் நின்று செல்வது ஒரு வகை. ஒரே பார்சல் வெவ்வேறு வண்டிகளில் மாறி மாறி ஏறிச் செல்வது இன்னொரு வகை. ஹரியானாவில் கண்டது முதல் வகையை ஒத்தது. சென்னையில் கண்டது இரண்டாம் வகையை ஒத்தது. எதிர்ப்பு மரபணுவைச் சுமந்த பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையம், ஒரு கிருமியிலிருந்து வேறு இனக் கிருமிக்கும் தாவ வல்லது. ஆகவே பார்சல் பல வண்டிகளில் ஏறிவிட்டது. ஒரு வண்டியை நிறுத்தினால் மட்டும் போதாது.

இதிலிருந்து நமக்கு ஒரு தெளிவும் பிறக்கிறது. வெளியூரிலிருந்து வந்தவரே வியாதியைக் கொண்டு வந்தார் என்று வார்டில் விரல் நீட்டுவது எளிது. பிழைப்புக்காக ஊர் மாறிய நம்மவர் அச்சொல்லை அறியாதவர் அல்லர். ஒரே வார்டில் இருவருக்கு ஒரே பெயருள்ள கிருமி இருப்பதனாலேயே, ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தார் என்று ஆகிவிடாது. வம்சத்தை ஒப்பிடாமல் அதைச் சொல்ல எவருக்கும் இயலாது.

இனி, ஒப்பிட்டதனால் விளைந்த நன்மைக்கு ஓர் உதாரணம் காண்போம். 2011 ஜூன் மாதம், அமெரிக்காவில் பெதஸ்டா நகரிலுள்ள தேசிய சுகாதாரக் கழகத்தின் ஆஸ்பத்திரிக்கு, நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி மாற்றப்பட்டார். கார்பாபெனெமுக்கு அடங்காத கிளெப்சியெல்லா அவரிடம் இருப்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததால், அவரைத் தனியே வைத்து வைத்தியம் செய்தனர். ஜூலை 15-இல் அவர் வீடு திரும்பினார். மூன்று வாரங்களுக்குப் பின் வேறொரு நோயாளியிடம் அதே இனக் கிருமி தோன்றியது; பின்னர் வாரந்தோறும் என்னும்படி மற்றவர்களிடமும் தோன்றியது. இவை முதல் பெண்மணியின் கிருமியிலிருந்து வந்தவையா? அமெரிக்காவில் அவ்வினக் கிருமிகள் பெரும்பாலும் ஒரே வம்சத்தவை. ஆதலால் பழைய கோட்டு முறையால் வேற்றுமை காண முடியவில்லை. எனவே ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்களைக் கொண்ட அதன் மரபுச் சுவடி முழுவதையும் படித்தனர். ஒரு சில எழுத்துக்களே வேறுபட்டிருந்தன. அனைத்தும் அவரிடமிருந்து கிளைத்தவையே என்பது தெளிவாயிற்று. நோய்க்குறி எதுவுமின்றிக் குடலில் கிருமியைச் சுமந்திருந்தவர்கள் வழியாக அது ஓசையின்றிப் பரவியிருக்கிறது. மொத்தம் 18 பேரிடம் அது கண்டறியப்பட்டது. அவர்களுள் 11 பேர் இறந்தனர்; 6 பேரின் மரணத்துக்கு அக்கிருமியே காரணம் என்று முடிவு செய்யப்பட்டது. எல்லா நோயாளிகளையும் சோதித்து, கிருமி உடையோரைத் தனி இடத்தில் வைத்து, தனிப் பணியாளர்களை நியமித்த பின்னரே பரவல் நின்றது.

முந்தைய ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்திருந்தும் இத்தனை துன்பம் நேர்ந்தது. செய்தியே வராமல், ஒரு நோயாளி குமுளியோ வாளையாறோ கடந்து வேற்று மாநில ஆஸ்பத்திரியின் படுக்கையில் சேர்ந்தால் என்ன ஆகும்? புதிய டாக்டர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரத்தத்தையோ சிறுநீரையோ சோதித்துக் கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் செல்லும். அதுவரை, முன்பே பயனற்றுப் போன மருந்தையே மறுபடியும் கொடுக்க நேரிடலாம். உயிருக்குப் போராடும் ஒருவருக்கு அந்த இரண்டு நாட்களே எல்லாம்.

வம்சப் பரிசோதனை எல்லா ஆஸ்பத்திரிகளிலும் நடப்பதன்று. பெரிய ஆராய்ச்சிச் சாலைகளிலேயே அது இயலும். ஆனால் அதன் முதற்படி நம் கைக்கே வருகிறது. கல்ச்சர் ரிப்போர்ட் என்று நாம் சொல்லும் காகிதமே அது. என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். ‘எஸ்’ என்ற எழுத்து அடங்கும் என்பதையும், ‘ஆர்’ என்ற எழுத்து அடங்காது என்பதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் எழுதப்படுவதால் கேரள டாக்டரும் தமிழ்நாட்டு டாக்டரும் ஒருபோலப் படிப்பர். ரேஷன் கார்டைக் காப்பது போல் அதனையும், டிஸ்சார்ஜ் சீட்டையும் காத்து வைத்தல் வேண்டும். புதிய ஆஸ்பத்திரியில் கேட்கும்வரை காத்திராமல், முதல் நாளே அவற்றை டாக்டரிடம் கொடுத்து, “இன்ன ஊரில், இத்தனை நாள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தோம்” என்று சொல்லிவிட வேண்டும். இடம் மாறியதைச் சொன்னால் டாக்டர் கோபிப்பாரோ என்று மறைப்பது நோயாளிக்கே தீங்காகும்.

அங்கே நோயாளியைத் தனி அறையில் வைத்தால், ஒதுக்குகின்றனர் என்று மனம் நோக வேண்டாம். அது அவருக்கும் அடுத்த படுக்கைக்காரருக்கும் காவல். துணைக்கு இருப்பவர்கள் நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்; அடுத்தவர் படுக்கையில் அமரலாகாது. கிருமிகள் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் கைகளின் வழியாகவே வார்டு சுற்றுகின்றன.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. வலிமை மிகுந்த பல ஆன்டிபயாடிக் மருந்துகளை விற்கும்போது, டாக்டரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. கேரள அரசு 2018-இல் இதற்கென ஒரு செயல்திட்டம் வகுத்தது. டாக்டர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்க, 2024-இல் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்ற பெயரில் கடைகளில் சோதனையும் தொடங்கியது. ஆயினும் பழைய மாத்திரை அட்டையைக் காட்டி அதே மருந்தை வாங்கும் பழக்கம் நாமாக விட்டாலன்றி ஒழியாது.

கிருமியின் வம்சத்தை ஆராய்வது விஞ்ஞானியின் வேலை. நோயாளியின் காகிதத்தை எல்லைக்கு அப்பால் கொண்டு சேர்ப்பது நம் வேலை. மலையிலிருந்து இறங்கும்போது மாற்றுத் துணியும் பணமும் எடுத்து வைக்கும் பையில், அந்தக் காகிதத்துக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.