கப்பலில் போனவருக்கு ஒன்று நேர்ந்தால்…

2020 செப்டம்பர் 3ஆம் திகதி, நமது கிழக்குக் கரைக்கு அப்பால் ‘நியூ டயமண்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொதிகலன் வெடித்து பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்தார். காயப்பட்ட இன்னொருவரைக் கல்முனைக்குக் கொண்டுவந்து மருந்து கட்டினார்கள். எண்ணெய் கடலில் கொட்டிவிடுமோ என்றுதான் நாமெல்லாம் பயந்தோம். இறந்தவரின் வீட்டை யார் நினைத்தோம்?

கப்பல் பனாமாவில் பதிவானது. நடத்தியவர்கள் கிரேக்கர்கள். விபத்து நடந்ததோ இலங்கைக் கடலில். அப்படியானால் அந்த வீட்டார் எந்த நாட்டின் கதவைத் தட்டுவது?

முதலில் பார்க்க வேண்டியது வேலை ஒப்பந்தம். பிலிப்பைன்ஸ் அரசு தன் மாலுமிகளுக்கு வகுத்த 2010ஆம் ஆண்டின் ஒப்பந்தப் படிவத்தில், வேலையில் ஏற்படும் மரணத்துக்கு 50,000 டொலர், 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வர் வரை ஆளுக்கு 7,000 டொலர் என்று எழுதியே இருக்கிறது. கம்பனியின் பிழையை நிரூபிக்க வேண்டியதில்லை.

சகோதரிகளே, உங்கள் கணவரோ மகனோ கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதியிருக்கிறது? அதன் பிரதி வீட்டில் இருக்கிறதா? அதில் யாருடைய பெயர் இருக்கிறது? கல்யாணத்துக்கு முன் நிரப்பிய படிவமென்றால் உம்மாவின் பெயர் மட்டும் இருக்கலாம். மாமியும் மருமகளும் இதை மையித்து வீட்டில் பேச நேர்வதைவிட இன்றே பேசிக்கொள்வது நல்லது.

கடற்றொழிலாளருக்கான 2006ஆம் ஆண்டின் சர்வதேச சமவாயத்தை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. பனாமாவும் லைபீரியாவும் முன்னரே ஏற்றுவிட்டன. (மீன்பிடிக் கலங்கள் இதில் அடங்கா; ஆழ்கடல் மீன்பிடிக்குப் போவோரின் குடும்பங்கள் இதை நம்பியிருக்க வேண்டாம்.) இதன்படி, வேலையில் காயப்பட்டவரின் வைத்தியச் செலவும், ஊருக்கு அனுப்பும் செலவும் கப்பற்காரருடையவை. வீடு வந்த பின்பும் வேலை செய்ய இயலாவிட்டால் சம்பளம் முழுவதுமாகவோ பகுதியாகவோ தொடர வேண்டும். இந்தப் பொறுப்புக்குச் சட்டம் எல்லை வைத்தாலும் அது 16 வாரத்துக்குக் குறையக்கூடாது. வேலைக்குச் சேரும்போது வேண்டுமென்றே மறைத்த நோய்க்கு இந்த உரிமை கிடைக்காமல் போகலாம்.

மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் பணம் கொடுக்கக் காப்புறுதி இருக்கிறதென்ற சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். காப்புறுதிக்காரரின் பெயரும் தொடர்பு விபரமும் அதில் உண்டு. அதைப் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கம்பனி கைவிரித்தாலும் குடும்பத்தார் அவர்களிடம் நேரடியாகவே கோரலாம்.

மிகவும் கவனமாயிருக்க வேண்டியது கையெழுத்து விஷயத்தில்தான். இத்தாவில் இருக்கும் பெண்ணிடம் அனுதாபத்தோடு ஒரு காசோலையும், “இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்” என்ற வரியுள்ள ஆங்கிலக் கடதாசியும் வந்து சேரலாம். ஒப்பந்தத் தொகையை முழுதாக, தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். குறைத்து வாங்கும்படி நெருக்கக் கூடாது என்பது சமவாயத்தின் விதி. அதைப் பெற்றுக்கொண்ட பிறகும் கம்பனியின் கவனக்குறைவுக்காக வழக்கிடும் உரிமை போய்விடாது. அங்கே கிடைக்கும் நட்டஈட்டில் முன்பு வாங்கிய தொகையைக் கழிக்கலாம், அவ்வளவுதான். ஊனத்தின் அளவை மதிப்பிட நாட்செல்லுமானால் இடைக்காலப் பணம் கேட்கலாம்.

வெளியே போக முடியாத நிலையிலுள்ளவர் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்கலாம். குடும்பத்தின் பிரதிநிதி கோருவதைச் சமவாயமும் ஏற்கிறது. கடதாசியை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். கொழும்பில் வணிகக் கப்பற்றுறைப் பணிப்பாளர் நாயகத்தின் அலுவலகத்திலும் முறையிடலாம்.

அவருடைய பெட்டி, உடுப்பு, கைக்கடிகாரம், போன் ஆகியவற்றைப் பாதுகாத்து வீட்டாரிடம் ஒப்படைப்பதும் கப்பற்காரரின் கடமை. அவற்றின் பட்டியலைக் கேட்டு வாங்கி, பெட்டி வந்ததும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.