சமுதாயக் கல்லூரிகளின் மாணவர் அடைவும் ஒப்பீட்டு அளவைகளும்: திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டோர், உயர்கல்விக்குள் நுழைய இயலாதோர் ஆகியோரைத் தொழிற்கல்வியின் வழியாக வேலைக்கு ஆயத்தப்படுத்தும் நோக்கில் தோன்றியது சமுதாயக் கல்லூரி. இந்தியாவில் இதன் தொடக்கம் தமிழ் நிலத்தோடு பிணைந்தது. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரியும் 1996இல் சென்னைச் சமுதாயக் கல்லூரியும் தொடங்கப்பெற்றன. சேசு சபையைச் சேர்ந்த சேவியர் அல்போன்ஸ் அடிகளார் இவ்வியக்கம் பரவப் பெரிதும் உழைத்தார். பின்னர்ப் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதனைத் தன் திட்டங்களுள் ஒன்றாக ஏற்றது. இத்தகைய கல்லூரி ஒன்றின் மாணவர் அடைவைப் பிற நிறுவனங்களோடு ஒப்பிடும்போது எவற்றை ‘ஒத்தவை’ எனக் கொள்வது, எதனை ‘அடைவு’ எனக் கொள்வது என்னும் இரண்டு வினாக்களைப் பின்னலாடைத் தொழில் செழித்த திருப்பூரின் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒத்த நிறுவனம் எது?

திருப்பூரில் ஆடைத் தொழில் சார்ந்த கல்வியைப் பலவகை நிறுவனங்கள் அளிக்கின்றன. ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியால் உருவான நிஃப்ட்-டீ கல்லூரி பட்டப் படிப்புகளை நடத்துகிறது. தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. அரசுத் திறன்மேம்பாட்டுத் திட்டங்களின் குறுகிய காலப் பயிற்சி மையங்களும் உள்ளன. பாடப்பெயர் ஒன்றாயினும் இவற்றுள் நுழைவோர் ஒருதரத்தினர் அல்லர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பட்டத்திற்கு வருபவரையும், எட்டாம் வகுப்போடு நின்று சில ஆண்டுகள் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபின் சான்றிதழ்ப் படிப்பிற்கு வருபவரையும் ஒரே விழுக்காட்டுக் கோலால் அளப்பது பொருந்தாது. நுழைவோரின் முன்கல்வியும் குடும்ப வருவாயும் ஒத்திருத்தலே ஒப்பீட்டின் முதல் நிபந்தனை.

பெரிதும் கவனிக்கப்படாத மற்றொரு நிபந்தனையும் உண்டு. ஒப்பிடப்படும் நிறுவனங்கள் ஒரே வேலைச் சந்தையைச் சார்ந்திருத்தல் வேண்டும். நொய்யல் மாசு தொடர்பான வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, சாயமிடலை நம்பியிருந்த பின்னலாடைத் தொழிலும் தளர்ந்தது. 2020இன் பொதுமுடக்கம் நகரின் தொழிலாளர் கூட்டத்தையே கலைத்தது. இத்தகைய ஆண்டொன்றில் படிப்பை முடித்து வெளிவந்தோரின் வேலைவாய்ப்பு விழுக்காட்டைச் சிவகாசியிலோ ஆம்பூரிலோ உள்ள நிறுவனத்தின் விழுக்காட்டோடு வைத்துப் பார்த்தால், அளக்கப்படுவது கல்லூரியன்று, சந்தையே. முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுவதிலும் இடர் உண்டு. திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் கோவை, ஈரோடு மாவட்டப் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பெற்றது. அதற்கு முந்தைய மாவட்டப் புள்ளிவிவரங்கள் இன்றைய எல்லைக்குப் பொருந்தா.

இடைநிற்றல் என்னும் கணக்கு

அமெரிக்காவில் 1990இல் இயற்றப்பெற்ற மாணவர் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே, கல்லூரிகள் தம் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடும் கடமை ஏற்பட்டது. முதன்முறையாகச் சேர்ந்த முழுநேர மாணவருள் எத்தனை பேர் படிப்புக் காலத்தின் ஒன்றரை மடங்கிற்குள் முடித்தனர் என்பதே அவ்வளவை. ஈராண்டுப் படிப்பிற்கு மூன்றாண்டுக் கெடு. பகுதிநேர மாணவரும் வேறு கல்லூரிக்கு மாறிச் செல்வோரும் நிறைந்த சமுதாயக் கல்லூரிகள் இக்கணக்கில் தாழ்ந்தே தோன்றின. நெடுங்காலக் குறைகூறலுக்குப் பின்னர், 2015-16 முதல் பகுதிநேர மாணவரையும் மாறிச் சென்றோரையும் உட்படுத்தி எட்டாண்டு வரை தொடரும் மற்றொரு கணக்கும் சேர்க்கப்பட்டது. அங்குள்ள சிக்கல் படிப்பு விட்டு வேறு படிப்பிற்குச் செல்வோரால் எழுந்தது. திருப்பூரிலோ மாணவரை வகுப்பிலிருந்து ஈர்ப்பது வேலை.

ஒரு கற்பனைக் கணக்கின் வழி இதனை விளக்கலாம். ஓராண்டு ஆடைத் தயாரிப்புப் படிப்பில் திருப்பூர்க் கல்லூரி ஒன்றில் 40 பேர் சேர்கின்றனர் எனக் கொள்வோம். ஆறாம் மாதத்தில், ஏற்றுமதி ஆணைகள் மிகும் காலத்தில், 14 பேர் வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். எஞ்சிய 26 பேருள் 24 பேர் தேறுகின்றனர். ஆலைகள் இல்லாத ஊரிலுள்ள மற்றொரு கல்லூரியில் சேர்ந்த 40 பேருள் 36 பேர் நிலைத்து, 34 பேர் தேறுகின்றனர். தேர்வு எழுதியோரை மட்டும் கொண்டால் முறையே 92, 94 விழுக்காடு. வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். சேர்ந்தோரை அடிப்படையாகக் கொண்டால் 60, 85 விழுக்காடு. திருப்பூர்க் கல்லூரி தோற்கிறது. ஓராண்டிற்குப் பின் கற்ற தொழிலில் இருப்போரை எண்ணினால், முன்னதில் இடையில் சென்றோருள் 12, தேறியோருள் 20 என 32 பேரும், பின்னதில் 15 பேரும் எனில், 80 விழுக்காடும் 37.5 விழுக்காடுமாக வரிசை தலைகீழாகிறது.

எனினும் அந்த 14 பேரையும் கல்லூரியின் வெற்றியாக எழுதிக்கொள்வதும் அவசரமே. அவர்கள் எந்த வேலையில் சேர்ந்தனர் என்பது கணக்கில் இடம்பெறல் வேண்டும். ஓவர்லாக், பிளாட்லாக் இயந்திரங்களில் டெய்லராக அமர்ந்தவருக்குப் பயிற்சி பயன்பட்டது எனலாம். கைமடியாகவோ செக்கிங், பேக்கிங் பிரிவுகளில் உதவியாளராகவோ சேர்ந்தவர் கல்லூரி வாயிலை மிதிக்காமலும் அவ்வேலையைப் பெற்றிருப்பார். ‘வேலையில் உள்ளார்’ என்னும் ஒற்றைக் கட்டம் இவ்விருவரையும் ஒன்றாக்கிவிடுகிறது. நூற்பாலைகளில் இளம்பெண்களை ஒப்பந்தக் கால இறுதியில் மொத்தத் தொகை தருவதாகக் கூறிச் சேர்த்த ‘சுமங்கலித் திட்டம்’ இவ்வட்டாரத்திலும் நிலவியது. படிப்பை விட்டு அத்தகைய விடுதி வேலைக்குச் சென்ற மாணவியை வேலைபெற்றோர் பட்டியலில் சேர்க்கும் அளவை, அளக்க வேண்டியதையே மறைத்துவிடும்.

வருவாயும் ஷிப்டும்

தேசியத் தரவரிசைக் கட்டமைப்பு கல்லூரிகளின் அடைவை மதிப்பிடும்போது உரிய காலத்தில் தேர்ச்சி, வேலைவாய்ப்பும் மேற்படிப்பும், இடைநிலை ஊதியம் ஆகியவற்றைக் கருதுகிறது. மாதச் சம்பளம் பெறும் பட்டதாரியை மனத்திற்கொண்டு அமைந்த அளவை இது. பனியன் கம்பெனிகளில் வாரக்கூலி சனிக்கிழமைகளில் தரப்படும் வழக்கம் உண்டு. பீஸ் ரேட்டில் உழைப்பவருக்கு வேலை உள்ள வாரமும் இல்லாத வாரமும் ஒன்றல்ல. ஷிப்ட் முறையில் எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். பன்னிரண்டு மணி நேரம் உழைப்பின் ‘ஒன்றரை ஷிப்ட்’. ஒரு ஷிப்டில் ஒருவர் ஈட்டுவதை ஒன்றரை ஷிப்டில் மற்றொருவர் ஈட்டினால், மாத வருவாய்க் கணக்கில் இருவரும் சமம். ஆகவே திருப்பூர் மாணவரின் வருவாயை ஷிப்டால் வகுத்தே ஒப்பிடல் வேண்டும். இதற்குப் புதிய கருவிகள் எவையும் தேவையில்லை. ‘மாத வருமானம் எவ்வளவு?’ என்னும் வினாவோடு ‘வாரத்திற்கு எத்தனை ஷிப்ட்?’ என்னும் வினாவைச் சேர்த்தாலே போதும்.

சொல்லும் பதிவும்

இவ்விடத்தில்தான் தமிழாய்வாளருக்குப் பணி உண்டு. படிவங்களில் வழங்கும் ‘இடைநின்றவர்’ என்னும் சொல் ஒருவர் நின்றுவிட்டதாகக் கூறுகிறது. திருப்பூரிலோ அவர் நிற்கவில்லை, சென்றிருக்கிறார். ‘பணியமர்த்தப்பட்டவர்’ என்னும் சொல்லுக்கு டெய்லரையும் கைமடியையும் பிரித்தறியும் ஆற்றல் இல்லை. தொழிலாளர் வழக்கிலோ ஒவ்வொரு வேலைநிலைக்கும் தனிப்பெயர் உண்டு. அப்பெயர்களையே படிவத்தின் விடைகளாக அமைத்தால் முன்னாள் மாணவர் தயக்கமின்றி விடையளிப்பர், பதிவும் துல்லியமாகும்.

மாணவர் தொகுதி ஒன்றைப் பல்லாண்டு தொடர்வதன் பயனை இவ்வட்டாரப் புனைகதை முன்னரே காட்டியுள்ளது. 2004இல் வெளிவந்த எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ ஐந்து நண்பர்களின் வாழ்வைப் பனியன் தொழிலின் போக்கோடு பின்தொடர்கிறது. ஒரு நகரமும் ஒரு தொழிலும் பொதுவாக இருந்தும் ஐவரின் வாழ்வும் ஒன்றாக அமையவில்லை. கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பதிவேடுகளோ பெரும்பாலும் படிப்பு முடிந்த சில மாதங்களோடு நின்றுவிடுகின்றன. ஒத்த நிறுவனங்கள் ஒன்றுகூடி, ஒரே ஆண்டில் சேர்ந்த மாணவரைத் தேறியோர், சென்றோர் என்னும் வேறுபாடின்றி முதலாம், மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளில் ஒரே வினாநிரலால் தொடர்ந்து பதிவு செய்தால் ஒப்பீட்டிற்கு உரிய தரவு கிட்டும். சேர்க்கைப் படிவத்தில் மாணவரின் கைப்பேசி எண்ணோடு, அடிக்கடி முகவரி மாறாத உறவினர் ஒருவரின் எண்ணையும் பெற்றுக்கொள்வது அதற்கான முதல் வேலை.